சிவராமகிருஷ்ணனின் ரகசியத் தமிழ்

அமெரிக்காவில் எங்கள் ஊரான பிரிட்ஜ்வாட்டரில் சிவராமகிருஷ்ணனைத் தெரியாத தமிழர் கிடையாது. மருந்துக் கம்பெனியில் டைரக்டர், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். மைக் கிடைத்தால் உலக சகோதரத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். எவனாவது எங்களைப் பார்த்து உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று கத்தினால், கண்டன மனு எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பத்து வருடத்துக்கு முன்பெல்லாம் யூதர்களைப் பற்றி ஏதாவது உளற வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்துவார். நாங்களும் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றுவோம். இப்போது பாட்காஸ்டிலேயே பெரிய மனிதர்கள் பேசுகிறார்கள். இவருக்கு மட்டும் என்ன வெட்கம்? காலையில் வாட்ஸாப்பில் ஒரு பிள்ளையார் படம் அனுப்புவார். அதன் கீழேயே உலகை ஆட்டிவைக்கும் யூதச் சதி வரும். நாங்கள் இரண்டுக்கும் கைகூப்பும் பொம்மையைப் போடுவோம்.

இந்த வருடம் சிவராமகிருஷ்ணன் வீட்டுக் கொலுவுக்கும் அவருடைய பக்கத்து வீட்டு ரூத் வந்திருந்தார். அவர் யூதர். இருபது வருடத்துக்கு முன், சிவராமகிருஷ்ணன் ஊரில் இல்லாத ஒரு பனிப்புயல் நாளில், பிரசவ வலியில் துடித்த அவர் மனைவி சாரதாவைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். சுண்டல் கிண்ணத்தோடு உட்கார்ந்து ஓர் உதவி கேட்டார். அவர்களுடைய ஜெபக்கூடத்தின் ஜன்னலை யாரோ கல்லால் அடித்திருந்தார்கள். ஞாயிறன்று வாசலில் கூடி நிற்கப் போகிறார்கள். தமிழ்ச் சங்கமும் வந்து உடன் நிற்குமா?

"ஆஃப் கோர்ஸ், ரூத்!" என்றார் தலைவர். உடனே எங்கள் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

"ஜூயிஷ் பீப்பிள் எல்லாம் இப்படித்தான். பேங்க், மீடியா, கவர்ன்மென்ட் ஃபுல்லா கன்ட்ரோல் பண்ணுவாங்க. ஒரு விண்டோ பிரேக் ஆனா விக்டிம் கார்டு ப்ளே பண்ணுவாங்க."

சிரித்தோம். நானும்தான்.

அதில் தமிழ் எங்கே இருந்தது? முக்கால்வாசி ரூத்தின் தாய்மொழி. இப்படிப் பேசிவிட்டு, எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது என்று நம்ப எங்களால்தான் முடியும்.

ரூத் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். சாரதா வெற்றிலை பாக்குத் தட்டோடு பின்னால் ஓடினாள்.

"அவர் பேசியது எனக்குப் புதிதில்லை, சாரதா," என்றார் ரூத் ஆங்கிலத்தில், தட்டைத் தொடாமல். "சிரித்தவர்களை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்."

கதவு சாத்தியதும், "டூ சென்சிடிவ்பா," என்றார் தலைவர்.

ஞாயிறன்று அந்த வழியாகத்தான் காரில் போனேன். சிவப்பு விளக்கு. ஜெபக்கூட வாசலில் இருபது பேர்கூட இல்லை. சங்கத்து ஆட்கள் ஒருவரும் இல்லை. ரூத் என்னைப் பார்த்துவிட்டார். நான் குனிந்து, வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.