அண்ணன் வாங்கிய தகரம்

ரங்கூன் வியாபாரியிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் "படுத்துடுச்சு" என்பார். நிஜமாகவே படுத்திருந்தால், சரக்குக் கொடுக்கிறவர்கள் கையை மடக்கிவிடக் கூடாதே என்று "ஓடுது, ஓடுது" என்பார். கேட்பவரும் இந்த ஊர்க்காரர்தானே, சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். எங்கள் தமிழ் ஆட்களிடம் இந்தப் பழக்கம் இரண்டு மடங்கு.

இதை வைத்துத்தான் நான் ஒருவரைக் கவிழ்த்தேன். அதற்காக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

ரங்கூன் போட்டாதாங் வட்டாரத்தில், துறைமுகச் சாலைக்கு ஒரு தெரு உள்ளே, எனக்கும் என் கணவருக்கும் ஒரு கடை இருந்தது. கூரைத் தகரம், குழாய், ஆணி, கம்பி. கட்டடம் ஒரு பர்மாக்காரருடையது. கடை வாடகைதான், ஆனால் என் மாமனார் காலத்திலிருந்தே எங்கள் கையில் இருந்தது. எதிர்ச்சாரியில் இன்னொரு தகரக் கடை. அதன் முதலாளியை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ரத்த சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஒரே கோயில், ஒரே தேர்த் திருவிழா, என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர், அவ்வளவுதான். அவ்வளவும் போதும் என்று நினைத்திருந்தேன்.

ஊருக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்ட வருஷம் எல்லாரும் கடையை இறக்கி மூடினோம். என் கணவருக்கு நெஞ்சு சரியில்லை. சத்தம் கேட்டாலே வேர்த்துக் கொட்டும். ஆற்றைக் கடந்து த்வாண்டேயில் என் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். சாவியை அண்ணன் கையில் கொடுத்து, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். கட்டடக்காரரிடம் போய், அவர்கள் மெட்ராசுக்கே போய்விட்டார்கள், இனி வரமாட்டார்கள், கடையை எனக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் திரும்பி வந்தபோது கதவில் வேறு பூட்டு. எங்கள் சரக்கு பக்கத்துச் சந்தில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. அண்ணன் வெளியே வந்து, "அய்யோ தங்கச்சி, நீங்க வரமாட்டீங்கன்னுல்ல எல்லாரும் சொன்னாங்க" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும்தான்" என்றார். என் கணவர் நனைந்த தகரத்தை ஒவ்வொன்றாகத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். வைத்தியர் நெஞ்சு என்றார். எனக்கு யார் என்று தெரியும்.

துக்கத்துக்கு வந்த அண்ணன் மாலை போட்டார். நானும் கை கூப்பினேன். அன்றைக்கே மனசுக்குள் கறுவிக்கொண்டேன்: அந்தக் கடை எனக்குத் திரும்பி வர வேண்டும், இந்த ஆள் அதைத் தன் கையாலேயே காலி பண்ணிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் கோயிலில் வேறு எதையும் கேட்டதில்லை.

ரங்கூன் ஓரத்தில், லைங் தாயாவில் ஒரு சின்ன இடம் கிடைத்தது. தையல் ஆலைகளுக்குப் போகிற பஸ்கள் திரும்பும் மூலை. சண்டை நடந்த ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள் அங்கே ஒரு அறைக்கு ஆறு பேர் ஏழு பேர் என்று கிடந்தார்கள். ஆணி, கயிறு, வாளி, தார்ப்பாய், நனைந்து மிஞ்சிய தகரம் என்று விற்று வயிற்றைக் கழுவினேன்.

பிறகு காற்று மாறியது. சில ஊர்களில் சண்டை ஓய்ந்தது என்று செய்தி வந்தது. ஓடிவந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். போட்டாதாங்கில் எல்லாருக்கும் ஒரே கணக்கு: எரிந்த வீட்டை எல்லாம் திரும்பக் கட்டுவார்கள், கட்டினால் கூரை வேண்டும், கூரை என்றால் தகரம். தகரம் ஏறியது. ஏறுகிறதே என்று வாங்கினார்கள், வாங்கியதால் மேலும் ஏறியது.

என் கடை வாசலில் நான் பார்த்தது வேறு. ஊருக்குத் திரும்புகிறவர்கள் போகும் வழியில் என்னிடம்தான் நிற்பார்கள். தகரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு அம்மாவிடம் காசு இருந்தது, எனக்கே தெரிந்தது. ஏன் அம்மா தகரம் எடுக்கவில்லை என்று கேட்டேன். "தார்ப்பாயின்னா சுருட்டிக்கிட்டு ஓடலாம்" என்றாள். போர் முடிந்தது என்பதை முதலாளிகள் நம்பினார்கள். வீட்டுக்காரர்கள் நம்பவில்லை. போட்டாதாங்கில் தகரத்தை வாங்கியவர்கள் எல்லாரும் வியாபாரிகள்தான், கூரை போடுகிறவன் ஒருவன்கூட வாங்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள். ஏதோ ஆராய்ச்சி அலுவலகம், சிறு முதலாளிகள் வரும் ஆறு மாதத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஒரு பெண் மைக்கை நீட்டிக்கொண்டே வந்தாள். அரிசி ஆலைக்காரர் மோசம் என்றார். சிமெண்ட்காரர் மிக மோசம் என்றார். அவர் வந்த கார் புதிசு. அண்ணன் எழுந்து நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இப்படியே போனா கடைய மூடிட்டுக் காசிக்குப் போக வேண்டியதுதான்" என்றார். சபையே சிரித்தது. அவர் முந்தைய வாரம்தான் ஆற்றோரத்தில் ஒரு கிடங்கு பிடித்திருந்தார். அந்தப் பெண் பாவம், எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

டீ குடிக்கும்போது அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சமோசாவைப் பிட்டுக்கொண்டே கேட்டார்:

"தங்கச்சி, உன் பக்கம் ஊருக்குப் போற சனம் நெறய வருதாமே. தகரம் எப்படி?"

பொய் சொல்லிக் கவிழ்க்கலாம் என்று எத்தனையோ நாள் யோசித்து வைத்திருந்தேன். ஓஹோவென்று ஓடுகிறது என்று சொன்னால், நொடித்துப்போய்ச் சொல்கிறேன் என்று நினைத்து உஷாராகிவிடுவார். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது.

"ஒண்ணும் இல்லண்ணே. எவனும் தகரம் எடுக்கல. தார்ப்பாய்தான் போகுது" என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது. "அப்படியா?" என்றார்.

"நெசமாத்தான் சொல்றேன். நீங்க கெடங்கு பிடிச்சதா கேள்விப்பட்டேன். வேணாம்ணே. இருக்கறதையும் தள்ளி விட்டுடுங்க."

நான் எவ்வளவு கெஞ்சினேனோ அவ்வளவு அவர் முகம் மலர்ந்தது. எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும் பாடாகிவிட்டது. எனக்கு அவர் மேல் கொலைவெறி இருப்பது அவருக்குத் தெரியும். ஆகவே நான் அவரை வாங்கவிடாமல் தடுக்கப் பார்க்கிறேன் என்று அவருக்குப் பட்டது. அப்படிப் பட வேண்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

இருந்தாலும் வியாபாரி அல்லவா, ஒரு கடைசிச் சோதனை வைத்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்களுக்குள் என்ன புளுகினாலும் கற்பூரத்தை அணைத்துச் சொன்னால் அது சத்தியம். அதில் விளையாட மாட்டார்கள், அண்ணன்கூட மாட்டார்.

"தங்கச்சி, அன்னைக்குத் தகரம் போகலன்னு சொன்னியே. இதுல கை வச்சுச் சொல்லிடு பாப்பம்" என்றார், விளையாட்டாகக் கேட்பதுபோல.

கையை நீட்டி அணைத்திருந்தால் அவர் நம்பியிருப்பார், பிழைத்திருப்பார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். "போங்கண்ணே, வியாபாரப் பேச்சுக்கெல்லாமா சாமியக் கூப்புடுறது" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அடுத்த வாரமே அவருடைய கிடங்குக்கு லாரிகள் வந்து இறக்குவதாகப் போட்டாதாங் முழுக்கப் பேச்சு. கையில் இருந்தது, மனைவி கழுத்தில் இருந்தது எல்லாவற்றையும் தகரமாக்கிவிட்டார் என்றார்கள்.

அன்றைக்கு நான் பாயசம் வைத்துக் குடித்தேன். தனியாக, இரண்டு டம்ளர்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. மழை பிடித்தது. ஓடிவந்தவர்களின் ஊர்ப் பக்கம் ஒரு சாலையில் மறுபடியும் சண்டை என்று லாரிகள் நின்றன. வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், வாங்குவதற்கு ஆள் இல்லை. ஆற்றோரக் கிடங்கில் ஈரம் ஏறி, அடுக்கி வைத்த தகரத்தில் வெள்ளை வெள்ளையாகத் துருப் பூத்துவிட்டது. பூத்த தகரத்தை எடைக்குத்தான் கேட்பார்கள். நான் வேலை மெனக்கெட்டுப் படகுத்துறைக்குப் போய், கிடங்கு வாசலில் நின்று ஆசை தீரப் பார்த்துவிட்டு வந்தேன்.

கட்டடக்காரர் எனக்குப் போன் பண்ணினார். அண்ணன் எதிரே உள்ள தன் கடையோடு சுருங்கிக்கொள்கிறார், உங்கள் பழைய கடை காலியாகிறது, வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

நான் போன அன்று அண்ணன் எங்கள் பழைய கடைக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது. அத்தனை ஆணிப் பெட்டிகளையும் தானே தூக்கி வெளியே வைத்திருந்தார். பாவம் என்று எனக்குள் ஏதாவது எழும்புகிறதா என்று நின்று பார்த்தேன். எழும்பவில்லை. என் கணவர் தகரத்தைத் துடைத்த துணிதான் கண்ணில் வந்தது.

அவர் எழுந்திருக்காமலே கேட்டார்:

"தங்கச்சி, நீ சொன்னது அத்தனையும் நெசம், இல்ல?"

"நெசம்தான்."

"நான் நம்பமாட்டேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

சாவியை நீட்டினார். நான் பிடித்த பிறகும் அவர் விடவில்லை. கண் கலங்கியிருந்தது.

"ஒரே கோயில் சனம் நாம. அன்னைக்கு ஒரு கைய நீட்டிச் சத்தியமாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"கூடாதுன்னுதாண்ணே நீட்டல" என்று சொல்லிச் சாவியை இழுத்துக்கொண்டேன்.