கரும்பு டிரெய்லரில் போட்ட கணக்கு

என் வீட்டுக்காரருக்கும் பட்டத்துக்கும் நடுவில் ஒரே ஒரு தாள் நின்றது: வகைக்கெழுச் சமன்பாடுகள். கள்ளக்குறிச்சி கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. நான் தேறிவிட்டேன், அவருக்கு அரியர் விழுந்தது. பிறகு கல்யாணம், பிள்ளை, டிராக்டர் என்று காலம் ஓடிவிட்டது. பழைய அரியர்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு என்று அறிவிப்பு வந்தபோது, அவர் கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டம் வந்தால் சங்கராபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். முதுகு விட்டுப்போகிறது, நெஞ்சு கரிக்கிறது என்று சோடாவாகக் குடித்துக்கொண்டிருந்த மனிதர் டிராக்டரை விட்டு இறங்க அது ஒன்றுதான் வழி.

ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். முன்வண்டி எடைமேடையில் ஏறினால் பின்னால் நிற்பவர் உடனே நகர வேண்டும். நகராவிட்டால் பக்கத்திலிருந்து ஒருவன் மூக்கை நுழைத்துவிடுவான். அந்தக் காத்திருப்பில்தான் அவர் படித்தார். டிரெய்லரின் பக்கத் தகட்டில் சாக்பீஸால் கணக்குப் போடுவார். வண்டி வீடு வந்ததும் நான் போய்த் திருத்துவேன்.

சமபடித்தான சமன்பாடுகள்தான் அவரைப் படுத்தின. அதில் மேலும் கீழும் எல்லா உறுப்புக்கும் ஒரே படி. y இருக்கும் இடத்தில் vx போட்டால் பின்னிக்கிடந்ததெல்லாம் பிரிந்து, v ஒரு பக்கமும் x ஒரு பக்கமும் வந்துவிடும். தொகையிட்டபின் v-க்குப் பதில் y/x வைத்து, y-யைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அவர் அதுவரை போகவே மாட்டார். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் v-யிலேயே நிற்கும்.

“இன்னாங்க, மறுபடியும் v-யோட வுட்டுட்டீங்க?”

“வண்டி நவுந்துடுச்சி டீச்சரம்மா.”

வரிசை நகர்ந்ததும் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஏறி ஓட்டுவார். இறங்கி வந்து புதுக் கணக்கைத் தொடங்குவார். அதுவே பழகிப்போய், வீட்டில் உட்கார்ந்து போட்டாலும் v வந்ததும் நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார்.

“v குடித்தனக்காரன்ங்க. கடைசில காலி பண்ணி அனுப்பணும். வூடு y-யோடதுதான?” என்பேன்.

“காலி பண்ணச் சொன்னா பாவமா கீது,” என்று சிரிப்பார்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நானும் வாயாடியிருக்கிறேன். இப்போது அந்தப் பழமொழியின் பின்பாதி என் வாயில் வருவதில்லை.

பரீட்சை நெருங்கியபோது, வரிசையில் நின்ற மற்ற டிரைவர்களிடம் அவரே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். “கணக்கு முடிஞ்சாதான் நவுருவேன். ஆரன் அடிக்காதீங்கப்பா.” வாத்தியாரே, வாத்தியாரே என்று கேலி செய்தாலும் அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஒரு முழம் விட்டுக்கொடுக்காத இடத்தில், இவருக்காக ஒதுங்கி நின்றார்கள். தங்களில் ஒருவர் வாத்தியாராகப் போகிறார் என்று அவர்களுக்குப் பெருமை. எனக்கு மனசு நிறைந்துபோய், எல்லோருக்கும் சேர்த்து ஒருமுறை வடை சுட்டு அனுப்பினேன்.

ஹால் டிக்கெட் வந்திருந்த வாரம் அது. அவருக்குப் பின்வண்டி டிரைவர்தான் ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னார்.

“முன்வண்டி ஏறிடுச்சிக்கா. அண்ணன் ஸ்டேரிங் மேல தல வச்சிக்கினு ஒக்காந்திருந்தாரு. கணக்க யோசிக்கிறாருன்னு நெனச்சோம். ஒருத்தனும் ஆரன் அடிக்கல. ரொம்ப நேரம் கழிச்சுதான் போயி தொட்டுப் பாத்தோம்.” பிறகு, “அடிச்சிருக்கணும்க்கா,” என்றார்.

முன்னாலேயே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால், பக்கத்தில் நிற்கும் இந்த மனிதர் அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பார்? அவர்கள் கொடுத்தது மரியாதை. அதை எப்படிக் குற்றம் என்பது?

காரியம் முடிந்த மறுநாள் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டார்கள். லோடை இறக்கியவர்கள் தகட்டைத் துடைக்காமல் வைத்திருந்தார்கள். கால் பழக்கத்தில் போனது. நான் திருத்தப் போய் நின்றேன்.

dy/dx = (x + y)/x. y = vx என்று போட்டது சரி. பிரித்தது சரி. தொகையிட்டு v = log x + c என்று வந்ததும் சரி. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. y = x log x + cx.

கணக்கை யோசித்துக்கொண்டு அவர் சீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. முடித்துவிட்டு, நகரத்தான் ஏறியிருக்கிறார்.

மேலிருந்து கீழாக இன்னொரு தரம் பார்த்தேன். மாறிலி c-யைக்கூட விடவில்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. திட்டுவதற்கு ஒரு தப்புகூட வைக்காமல் போய்விட்டார்.