தண்ணீருக்கு மேலே நின்ற கை

என் தம்பியின் கைபேசியில் ஒரு நிமிடம்கூட ஓடாத ஒரு வீடியோ இருக்கிறது. மட்டக்களப்பு வாவியில் எங்கள் அப்பா முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது பிடித்தது. பாஸ்டரும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் பிடித்து அவரைப் பின்பக்கமாகச் சாய்க்கிறார்கள். வெள்ளைச் சட்டை, நரைத்த தலை, முகம் எல்லாம் உள்ளே போகின்றன. இடது கை மட்டும் பொத்தியபடி தண்ணீருக்கு மேலே நிற்கிறது. பிறகு அப்பா எழும்பி இருமுகிறார், கரையில் நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். அப்பா செத்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். முதலில் பிரிந்தவன் தம்பிதான். குடித்துக் குடித்து வேலையும் போய், மனைவியும் தாய்வீட்டுக்குப் போய்விட, சீரழிந்து கிடந்தவனைச் செங்கலடிப் பக்கம் ஒரு கடைமாடியில் கூடிய சின்னச் சபை மீட்டெடுத்தது. அதை நான் மறுக்கமாட்டேன். அவனைத் தெருத்தெருவாகத் தேடித் திரிந்தவள் நான். ஆனால் குடியை விட்ட கையோடு எங்களைப் பிடித்துக்கொண்டான். குழந்தையின் நெற்றியில் தண்ணீர் வார்ப்பது ஞானஸ்நானமே இல்லை, வளர்ந்த ஆள் விசுவாசித்து முழுக வேண்டும் என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் நச்சரித்தான். என்னிடம் அவன் பருப்பு வேகவில்லை. அப்பாதான் அசைந்தார்.

"அவன் எவ்வளவு கெஞ்சிறான். இந்த வாவியில எத்தின தரம் முங்கியிருப்பன், இன்னொருக்கா முங்கினாக் கரைஞ்சா போயிருவன்?" என்றார். வாவியில் வீச்சுவலை வீசியே எங்களை வளர்த்தவர் அவர். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கூடப் போனேன்.

அன்று காலை, கழுத்தில் காதில் கிடப்பதையெல்லாம் கழற்றச் சொன்னார் பாஸ்டர். அப்பாவின் கழுத்தில் ஓர் உத்தரியம் கிடந்தது. கயிற்றில் கோத்த இரண்டு சின்னத் துணித்துண்டு, மாதாவின் படம் தைத்தது. அம்மா சாகுமுன் தன் கையால் அவருக்குப் போட்டுவிட்டது. அவர் அதைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுப் படியில் இறங்கினார். இரண்டாவது படியில் நின்று திரும்பி, என் பக்கம் இடது கையை நீட்டினார். நான் உத்தரியத்தை அந்தக் கையில் வைத்தேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார். மற்றவர்கள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்ததால் யாரும் காணவில்லை.

பாசி பிடித்த படி அது. வழுக்காமல் என்னைப் பிடித்துக்கொண்டு இறங்கத்தான் கை நீட்டினாரோ, அல்லது உத்தரியத்தைத்தான் கேட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் உயிரோடிருந்த ஐந்து மாதமும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே வேறாக இருந்திருக்கும்.

கை நனையாததைப் பார்த்துக் கரையில் எல்லோரும் சிரித்தார்கள். தொழிலுக்குப் போகும் நாட்களில் வலை கம்பில் சிக்கினால் அப்பா முங்கித்தான் எடுப்பார். அப்போதும் ஒரு கை பீடிக்கட்டையும் நெருப்புப் பெட்டியையும் பிடித்தபடி மேலே நிற்கும். அந்தப் பழக்கம்தான் என்று நினைத்தார்கள். தம்பியும் அப்படித்தான் நினைத்தான். அப்பா உத்தரியத்தைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தார். நெஞ்சு நோவில் அவர் செத்துப்போனபோது, சவப்பெட்டியை மூடுமுன் அதை எடுத்து அவர் சட்டைக்குள் செருகிவிட்டேன்.

அடுத்த வருடம் சபை உடைந்தது. பெண்கள் தோடு போடலாமா கூடாதா என்பதில் தொடங்கிய சண்டை. பிரிந்துபோனவர்கள் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு போக, மைக் தம்பியின் பக்கத்தாரிடம் மிஞ்சியது. இரண்டு பக்கமும் கொஞ்சநாள் தொண்டை கிழியப் பிரசங்கித்தார்கள். நான் சிரித்தேன். சில மாதத்தில் தம்பியின் பக்கமும் இரண்டாகியது. இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய பாஸ்டர் கொடுத்த முழுக்குச் சரியில்லை, உச்சி முதல் விரல் நுனிவரை முழு உடம்பும் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும், முழு மனமும் கூடப் போயிருக்க வேண்டும் என்றார் தம்பி சேர்ந்த பக்கத்தின் புதுப் பாஸ்டர். எல்லோரும் மறுபடி முழுகினார்கள். குழந்தையில் ஒன்று, கடைமாடிச் சபையில் ஒன்று, இப்போது ஒன்று என்று தம்பிக்கு மூன்றாயிற்று. உயிரோடு இருப்பவனுக்கு அது லேசு. செத்த அப்பா எப்படி மறுபடி முழுகுவார்?

அவன் குடியை விட்டபின் திரும்பி வந்திருந்த தம்பியின் மனைவி எனக்குப் போன் எடுத்தாள். "மச்சாள், இவர் அந்த வீடியோவையே பாத்துக்கொண்டிருக்கார். சாப்பிடுறாரில்ல, ஆரோடயும் கதைக்கிறாரில்ல. மறுகாக் குடிக்கத் தொடங்கிருவாரோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு."

எனக்கும் பயம்தான். பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது வாவிப் பக்கம் பார்ப்பதையே விட்டிருந்தேன். தண்ணீரில் நட்டிருக்கும் ஒவ்வொரு கம்பின் நுனியும் எனக்குக் கையாகத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துத் தம்பி என் வீட்டுக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். உட்காரவில்லை.

"அக்கா, பாஸ்டரிட்டக் கேட்டுட்டன். கை பழக்கத்தில நிண்டதெண்டா கர்த்தர் கணக்கெடுக்கமாட்டாராம். கையில ஏதும் பிடிச்சிருந்தா அது முழுக்கில்லையாம், அப்பா பழசை விடாமத்தான் இறங்கியிருக்காராம். நீதான் கிட்ட நிண்டனி. அந்தக் கையில என்ன இருந்தது?"

நான் கதிரையை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன். அவன் குரல் உடைந்தது. "அவர் பாட்டில கோயிலுக்குப் போய் வந்த மனிசன். நான்தான் இழுத்துக்கொண்டு போனன். அங்கயுமில்லாம இஞ்சயுமில்லாம ஆக்கிட்டனா அக்கா?"

"ஒண்டுமில்லடா. வெறுங்கை. அவர்ர பீடிப் பழக்கம்."

"சத்தியமா?"

"உங்கட சபையில சத்தியம் பண்ணக் கூடாதே."

"எங்களுக்குத்தான் கூடாது. நீ பண்ணலாம்." சுவரில் சிலுவையோடு தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினான். அதை விக்கிரகம் என்று சொல்லி என்னோடு வருடக்கணக்காகச் சண்டை பிடித்தவன். "அதில கை வைச்சுச் சொல்லு. அதில வைச்சு நீ பொய் சொல்லமாட்டாய்."

கதிரையில் ஏறி, சிலுவையில் ஆண்டவரின் காலைத் தொட்டபடி, அப்பாவின் கையில் ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்தேன். தம்பி நிலத்தில் குந்தியிருந்து அழுதான். பிறகு சோறு கேட்டான். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான்.

அவன் இன்றுவரை குடிக்கவில்லை. அந்தச் சபையும் உடைந்துவிட்டது. இப்போது தன் வீட்டிலேயே ஏழெட்டுப் பேரை வைத்து ஜெபம் நடத்துகிறான். அப்பா இரட்சிக்கப்பட்டார், அதற்குத் தன் அக்கா சாட்சி என்று அங்கே சொல்கிறானாம். அப்பா பரலோகம் போய்ச் சேர்ந்துவிட்டார், அக்கா ஒருத்திதான் அழிந்துபோகப் போகிறாள் என்று எனக்காகத் தினமும் கண்ணீரோடு ஜெபிப்பதாக அவன் மனைவி சொன்னாள்.

செய்ததைக் கோயில் சுவாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சுவாமி பொறுமையாகக் கேட்டார். பொய்ச்சத்தியம் பாரமான பாவம், மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறீர்களா என்றார். அப்பாவின் கையில் அதை வைத்ததற்கு மனஸ்தாபப்படுகிறேன் என்றேன். அது பாவமில்லை, சத்தியத்தைத்தான் கேட்கிறேன் என்றார்.

"தம்பி நாளைக்கு வந்து திரும்பக் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"இதையேதான் சொல்லுவன் சுவாமி."

அவர் பாவமன்னிப்புத் தரவில்லை. "மனஸ்தாபம் வந்ததும் வாங்க. அதுவரைக்கும் நன்மை எடுக்கவேணாம்" என்றார். நன்மை என்பது பூசையில் வாங்கும் திருவப்பம். மனஸ்தாபம் வரவில்லை. வரவும் விடமாட்டேன். தம்பி சாப்பிட்ட அந்தச் சோற்றை நான் எப்படித் திருப்பி வாங்குவது?

ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறேன். நன்மை நேரத்தில் வாங்குப் பலகையில் இருப்பவர்கள் எழும்பி வரிசையாக முன்னால் போவார்கள். நான் காலை ஒடுக்கி வழி விடுவேன். நன்மை எடுப்பவர் அதற்கு முன் ஒரு மணித்தியாலம் ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் முறை. பக்கத்தில் இருக்கும் பெண் போன கிழமையும் கேட்டாள். "ஏன் கா நீங்க நன்மைக்குப் போறேல்ல?"

"வரக்குள்ள தேத்தண்ணி குடிச்சிட்டன்" என்றேன். உண்மையில் ஒவ்வொரு ஞாயிறும் வெறும் வயிற்றோடுதான் போகிறேன்.