பின்வாசல் நிலை

அந்த மத்தியானம் வீட்டில் அம்மா, கொத்தனார் மாமா, நான் மூன்று பேரும் இருந்தோம். அப்பா கடலுக்குப் போயிருந்தார். அண்ணன் இல்லை. சுனாமியில் போனவன் கிடைக்கவேயில்லை. அவனுடைய கட்டுமரத்தில் ஒரு கட்டை மட்டும் காரைக்கால்மேட்டுக் கரையில் ஒதுங்கியது. மாமா கட்டிக்கொடுத்த புதுவீட்டின் பின்வாசல் நிலையில் அம்மா அதை வெளிப்பக்கம் மண்ணில் ஊன்றிச் சாய்த்துவைத்து, வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைப்பாள்.

வீடு கட்டும்போது கரையானுக்காக அஸ்திவாரத்தில் ஊற்ற அப்பா ஒரு டப்பா மருந்து வாங்கிவந்தார். மாமா விடவில்லை. "பத்தடியில அடிபம்பு இருக்கு மச்சான். ஊத்துனா நாமதான் குடிக்கணும்." அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் தகரம் வைத்து, விளிம்பைக் கீழ்நோக்கி மடக்கிவிட்டார். மண்ணிலிருந்து ஏறும் கரையான் அதைத் தாண்டாது. தாண்டினாலும் கண்ணில் பட்டுவிடும்.

அந்த மத்தியானம், "இங்க பாரு," என்று மாமாவிடம் சொல்லி அம்மா நிலையை மூன்று முறை தட்டினாள். கடலிலிருந்து வந்தால் அண்ணன் அப்படித்தான் கதவைத் தட்டுவான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மரத்துக்குள்ளிருந்து டக் டக் டக் என்று பதில் வந்தது.

மாமா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு மாசமா பேசுறான்டா," அம்மாவின் குரல் தணிந்திருந்தது. "மருந்து கிருந்து ஊத்திடாத. அவன் உள்ள இருக்கான்."

மாமா பின்பக்கம் போனார். நானும் போனேன். தகரத்தில் எங்கும் மண்தடம் இல்லை. கடைசியில் கட்டையைத் தொட்டார். முழுசாகத் தெரிந்த கட்டைக்குள் அவர் விரல் அடிவரை இறங்கியது. உள்ளே வெள்ளையாக நெளிந்தன. கட்டைக்குள்ளேயே ஏறி, தகரத்தைத் தொடாமல் நிலைக்குள் போயிருந்தன. மாமா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அறிவியலில் முதல் மார்க் வேறு. உள்ளே ஓடினேன். "அம்மா, அது அண்ணன் இல்ல, கரையான்! நாம தட்டுனா அது தலையால முட்டும். சார் சொல்லியிருக்காரு."

"அப்படியா தம்பி," என்றாள். நான் மார்க் சொல்லும்போது கேட்கிற அதே குரல்.

மாமா நிலையைப் பெயர்த்து எரித்தார். கட்டையில் மிஞ்சியதைச் சுவரைவிட்டுத் தள்ளிக் கருங்கல்மேல் வைத்தார். மருந்து டப்பாவைத் திறக்கவேயில்லை. புது நிலையை அம்மா ஒருநாளும் தட்டிப் பார்க்கவில்லை. பொட்டு வைப்பதும் நின்றுபோனது.

கரைக்கு வந்த அப்பா மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று இரண்டு தடவை சரிபார்த்துத்தான் சொன்னேன்: மரம், தச்சுக்கூலி, சிமெண்ட் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.