ஊது அக்காவும் ஊதாத அண்ணனும்

எங்கள் அண்ணி வாயைத் திறந்தால் மூன்றாவது தெருவில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் ஆஸ்பத்திரி மாடியில் கடைசி அறைப் பக்கம் ஒரு தடவை போய் நின்று பாருங்கள். கதவில் 'நுரையீரல் பரிசோதனை' என்று பலகை தொங்கும். உள்ளேயிருந்து, "ஊது! ஊது! ஊது! விடாத! இன்னும் இருக்கு! இன்னும் இருக்கு!" என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு, இதுதான் பிரசவ வார்டு என்று பழக்கூடையோடு வந்து நின்றவர்கள் உண்டு. கத்துவதற்கு மாதச் சம்பளம் தருகிற உத்தியோகம் உலகத்திலேயே அது ஒன்றுதான். நாமெல்லாம் வீட்டில் இலவசமாகத்தானே கத்துகிறோம்?

வேலை இதுதான். வருகிறவர் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் ஓர் அட்டைக் குழாயைக் கொடுப்பார் அண்ணி. நெஞ்சு முட்ட இழுத்து, ஒரே வெடியாக ஊத வேண்டும். ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ஓடும். முதல் நொடியில் எவ்வளவு காற்று வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்று பார்த்து, உள்ளே குழாய் சுருங்கியிருக்கிறதா, நுரையீரல் சரியாக விரிகிறதா என்று டாக்டர் சொல்லிவிடுவார். மூன்று தடவை ஊத வேண்டும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் மனுஷ ஜாதி பாதியிலேயே நிறுத்திவிட்டு நெஞ்சைத் தடவும். அங்கேதான் அண்ணியின் தொண்டைக்கு வேலை.

ஒரு லாரி டிரைவர் இப்படித்தான் குழாயைக் கீழே வைத்துவிட்டார்.

"தீந்துபோச்சு தாயி. உள்ள ஒண்ணுமே இல்ல."

"பொய் சொல்லாதீங்க. கடைசி மூச்சு வரைக்கும் ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல உள்ளயே தங்கிக்கும். அத யாராலயும் வெளிய எடுக்க முடியாது. அதுக்கு மேல இருக்கிறதத்தான் கேக்குறேன்."

"டேங்க்ல ரிசர்வ் மாதிரியா?"

"அதேதான். ரிசர்வ் உங்ககிட்டயே இருக்கட்டும். மிச்சத்த எடுங்க. ஊது!"

பேசும்போது 'நீங்க', கத்தும்போது 'ஊது'. ஒரு நீதிபதி வந்தபோதும் அதே கதைதான். ஆஸ்பத்திரிக்காரர்கள் பதறிப்போய்க் கேட்டதற்கு, "'ஊதுங்க'ன்னு சொன்னா ஊதுறதுக்கு முன்னால கும்பிட ஆரம்பிச்சிடுறாங்க" என்றார் அண்ணி. அன்றிலிருந்து வரிசையில் அவருக்குப் பெயர் 'ஊது அக்கா'.

இப்படிப்பட்ட புயலுக்கு வாழ்க்கைப்பட்டவர் யார் தெரியுமா? என் அண்ணன். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கடைத்தெருவில் அவரைப் 'பூனை' என்பார்கள். அவர் மூச்சு விடுகிறாரா என்று பக்கத்துக் கடைக்காரர் அவ்வப்போது எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்வார்.

அதற்குத் தொழில் காரணம் உண்டு. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, எறும்பு மூக்கில் போடுகிற அளவு திருகாணியை முடுக்கும்போது யாராவது 'ஹா' என்றால் போதும், திருகாணி அடுத்த ஊருக்குப் போய்விடும். வாய் ஆவி பட்டால் சக்கரம் துருப்பிடிக்கும். அதனால் தூசி தட்டக்கூட ஒரு சின்ன ரப்பர் பந்தை அமுக்கித்தான் காற்றடிப்பார், வாயால் ஊதவே மாட்டார். வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு தடவை தும்மிவிட்டாராம். மேஜைமேல் பிரித்துப் போட்டிருந்த கடிகாரத்தில் வார் மட்டும்தான் மிஞ்சியது. அதற்குப் பிறகு தும்மல் வந்தால் எழுந்து, செருப்பை மாட்டி, ரோட்டைத் தாண்டி எதிர்ச் சாரியில் போய்த் தும்மிவிட்டு வருவார்.

நம் வலது நுரையீரலுக்கு மூன்று பாகம், இடதுக்கு இரண்டுதானாம். இதயத்துக்கு இடம் விட்டு இடது ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறதாம். சாப்பாட்டு நேரத்தில் அண்ணி இதைச் சொன்னபோது நான் சும்மா இருப்பேனா?

"அப்படின்னா எங்கண்ணன்தான் இடது. கட்டில்ல நீங்க படுத்தது போக மிச்ச இடத்துலதான் பல வருஷமா படுத்திருக்காரு."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வாயில் இருந்த சோறு போகக் கூடாத வழியில் போய்விட்டது. கண் பிதுங்க இருமினேன். அண்ணி எழுந்து வந்து முதுகில் விட்ட அடியில் என் முன்னோர்கள் வரைக்கும் இருமியிருப்பார்கள்.

"தொண்டையில ஒரு மூடி இருக்குடா. சோறு போகும்போது மூச்சுக்குழாய மூடும், மூச்சு விடும்போது தொறக்கும். நீ முழுங்கிட்டே நக்கலும் பண்ணா அந்த மூடி பாவம் என்னதான் செய்யும்?"

அண்ணன் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

அந்த அண்ணனுக்குத்தான் திடீரென்று வயிற்று வலி வந்தது. சாப்பிட்டு முடித்ததும் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சுருண்டு விடுவார். பித்தப்பையில் கல். கல் நழுவிக் குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து, உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். சின்ன வயதில் அவருக்கு மூச்சு இளைப்பு இருந்ததால், மயக்க மருந்து கொடுக்கும் முன் ஊதிக் காட்டச் சொன்னார்கள். ஊத வேண்டிய அறை எது? அண்ணியின் அறை.

அண்ணன் ஊதினார். சூடான காபியை ஆற்றுவதுபோல. இல்லை, காபியே அதைவிடக் கொஞ்சம் பலமாக ஆவி விடும். எல்லாருக்கும் மலை மாதிரி ஏறுகிற கோடு, அவருக்கு வெயிலில் படுத்த பாம்பு மாதிரி கிடந்தது. அண்ணி கத்தக் கத்த அவர் உதடு இன்னும் தளர்ந்தது.

நெஞ்சு டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பாதி நுரையீரல்கூட வேலை செய்யலியே. இத வெச்சுகிட்டு மயக்க மருந்து எப்படிக் குடுக்கிறது?"

"மேடம், இது நுரையீரல் கோளாறு இல்ல. மரியாதைக் கோளாறு," என்றார் அண்ணி. "இந்த மனுஷனுக்கு எதையும் ஊதிப் பழக்கமே இல்ல."

"இருக்கலாம். ஆனா மெஷினுக்கு அது தெரியாதே. திங்கக்கிழமை இன்னொரு தடவ பாக்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா நுரையீரலுக்கு மருந்து ஆரம்பிச்சு, ஆபரேஷனத் தள்ளிப் போடணும்."

சனி, ஞாயிறு எங்கள் வீடு வீடாக இல்லை. அண்ணி கூடத்துச் சுவரில் சாக்பீஸால் தலைகீழாக ஒரு மரம் வரைந்தார்.

"இது மூச்சுக்குழாய், அடிமரம். இங்க ரெண்டாப் பிரியுது. அப்புறம் கிளை, குச்சி, குச்சிக்குக் குச்சி. கடைசில இலை இருக்கிற இடத்துல குட்டிக் குட்டிக் காத்துப்பை, கோடிக்கணக்குல. அதோட சுவரு சோப்பு நுரையவிட மெலிசு. அந்தப் பக்கம் ரத்தம் ஓடுது. நல்ல காத்த வாங்கிக்கிட்டு, கெட்ட காத்தக் குடுத்துட்டுப் போகுது. எல்லாத்தையும் விரிச்சுப் போட்டா ஒரு பேட்மிண்டன் கோர்ட் அளவு வரும்."

அண்ணன் தன் சட்டைக்குள் எட்டிப் பார்த்தார். "அவ்வளவு பெரிய கோர்ட்ட எனக்குள்ள யாரு மடிச்சு வெச்சது?"

"யாரு மடிச்சா என்ன? விரிக்க வேண்டியது நீங்க. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி ஒரு தசை இருக்கு. அது கீழ இறங்கினா காத்து உள்ள வரும். இப்ப இழுங்க. ம், ஊதுங்க! ஊது! ஊது! ஊது!"

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரங்கள் பயத்தில் முன்னும் பின்னும் ஓடின. அண்ணன் மட்டும் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணி ஒரு 'ஊ' ஆரம்பித்தார். 'து' வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. தெருவே திடுக்கிட்டது. சத்தம் நின்றுவிட்டதே, ஏதும் விபரீதமோ என்று எதிர் வீட்டம்மா ஓடி வந்து பார்த்தார்.

திங்கட்கிழமை காலை தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, குரல் எழுப்புகிற இரண்டு மடிப்பும் வீங்கிக் கிடக்கிறது, ஒரு வாரம் கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்றார். அங்கே மாடியில் வரிசை கதவைத் தாண்டி நின்றது. கூட வேலை பார்க்கிற பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தார்.

"யாராவது கத்துங்களேன்," என்றார் டாக்டரம்மா அண்ணியைக் காட்டி. "மெஷின அவங்க பாத்துக்குவாங்க."

நான் விடுவேனா? முதல் ஆளாகப் போய் நின்றேன். "ஊதுங்கண்ணே, மாமியார் வீட்டுக் கூரை பறக்கட்டும்!" என்றேன். குழாயைக் கவ்வியிருந்த நோயாளி சிரித்துவிட்டார். கோடு ஒட்டகம் மாதிரி வந்தது. அடுத்தவர் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்தார். டாக்டரம்மா என் காதைப் பிடிக்காத குறையாக வெளியே அனுப்பினார். வாசலில் நின்றுகொண்டேன்.

அண்ணி அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலை நாற்காலியில் தன் முறைக்காகக் காத்திருந்த அண்ணனின் தோளைத் தட்டி எழுப்பி, திரைக்கு முன்னால் நிறுத்தினார்.

"நானா?" என்றார் அண்ணன். அது எனக்கே கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அண்ணன் முன்னால் முதலில் உட்கார்ந்தவர் ஒரு பேக்கரி மாஸ்டர். மாவுத் தூசியில் இருமல் பிடித்தவர். அண்ணன் அவர் பக்கம் குனிந்து, "கொஞ்சம்... ஊதிப் பாக்கிறீங்களா?" என்றார்.

மாஸ்டர் கேக் மேல் மெழுகுவத்தியை அணைப்பதுபோல ஒரு ஊது ஊதினார். கோடு ஏறியது, இறங்கியது, பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் முகம் மாறியது. எதையும் பொறுத்துக்கொள்வார் எங்கள் அண்ணன். கடன் சொல்பவரை, திட்டுபவரை, என்னை. ஆனால் ஓட வேண்டிய ஒன்று கண் முன்னால் நின்று போவதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் நின்றுபோன கடிகாரத்தைக் கழற்றிச் சரி செய்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

"நிக்கக் கூடாது," என்றார். கொஞ்சம் கேட்டது. மாஸ்டர் மறுபடி ஊதினார். கோடு மறுபடி தளர்ந்தது. "நிறுத்தாதீங்க... நிறுத்தாத! ஓடட்டும்! ஓடணும்! ஊதுய்யா! ஊது! ஊது! இன்னும் இருக்கு!"

பேக்கரி மாஸ்டர் பயத்தில் போன வருஷத்துக் காற்றைக்கூட ஊதிவிட்டார். கோடு கடைசி வரை ஓடியது. அண்ணி வாய்மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்தார். இந்த மனிதருக்குள் இப்படி ஒரு குரல் இத்தனை வருஷம் வாடகை கொடுக்காமல் குடியிருந்ததா?

அதன் பிறகு மதியம் வரை அண்ணன் ராஜ்யம்தான். வாத்தியார், கொத்தனார், தையல்காரம்மா, ஒருவரையும் விடவில்லை. மேஜையைத் தட்டினார், எம்பிக் குதித்தார். தையல்காரம்மா மூன்றாவது தடவை ஊதி முடித்துவிட்டு, "இதுக்கு அந்த அக்காவே தேவலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாக அண்ணன் முறை.

அண்ணி கிளிப்பை மாட்டினார். கத்த ஆள் இல்லை. நான் வாசலிலிருந்து வாயைத் திறந்தேன். அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவர் எதிரே நின்று, இரண்டு கையையும் விரித்து மூச்சை இழுத்தார். அண்ணனும் இழுத்தார். சட்டைப் பித்தான் ஒன்று கெஞ்சியது. அண்ணி கையைக் கீழே வீசியதும் அண்ணன் ஊதினார்.

கோடு மலை ஏறியது. சத்தியமாக, ஏறியது. உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கியது, மெலிந்தது. நிற்கப் போகிறது என்று எனக்கு மூச்சு முட்டியது. அண்ணன் கண் அந்தக் கோட்டை விட்டு நகரவில்லை. அது தயங்கத் தயங்க அவர் வயிற்றை எக்கினார், தோளைக் குறுக்கினார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. கோடு நிற்கவேயில்லை. போதும் என்று அண்ணி கையசைத்த பிறகும் ஊதினார்.

இன்னும் இரண்டு தடவை. மூன்று மலையும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தன.

டாக்டரம்மா தாளைக் கையில் வாங்கினார். "பிரமாதமான நுரையீரல்! நாளைக்கே பித்தப்பைய எடுத்துடலாம்."

வியர்வையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்த அண்ணனின் முகம் அப்படியே உறைந்தது.

"எடுக்கிறதுன்னா... என் வயித்தயா கிழிப்பீங்க?"

"பின்ன? இவ்வளவு நேரம் எதுக்கு ஊதினீங்க?"

"கோடு நிக்கக் கூடாதுன்னு ஊதினேங்க!"

சொல்லிக்கொண்டே பூனை மாதிரி கதவுப் பக்கம் நகர்ந்தார். அண்ணி எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமே இல்லாத சிரிப்பு. தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாயிலிருந்து வெறும் காற்று மட்டும் புஸ்புஸ்ஸென்று வந்தது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து சிரித்தார், மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். ஆனால் அண்ணன் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. மறுநாள் ஆபரேஷன் அறை வாசலில் நர்ஸ் வந்து கேட்டபோதுதான் விட்டார்.