சாராயப் போத்தலில் தேத்தண்ணி

மனிதர்களின் இரத்தத்தில் பிளாஸ்டிக் துகள்கள் இருக்கின்றன என்று போனில் படித்த அன்று, எனக்கு ஐம்பது வருட வியாதிகளுக்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்டது. முழங்கால் வலி, நெஞ்செரிச்சல், மனைவியின் பிறந்தநாளை மறந்தது, எல்லாம் அதுதான். அவை உடம்பை என்ன செய்யும் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அந்த வரியைத்தான் நான் நம்பவில்லை.

பிறகு மனைவியைப் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகிறவள். இத்தனை வருடமும் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியைப் பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் ஊற்றித்தான் மலைக்குக் கொண்டுபோகிறாள். என் பகிடியெல்லாம் அங்கே நின்றுவிட்டது.

வீட்டிலிருந்த பிளாஸ்டிக் போத்தல்கள் எல்லாவற்றையும் உரப்பையில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினேன். உரப்பையும் பிளாஸ்டிக் என்பது வண்டி போன பிறகுதான் உறைத்தது. மறுநாள் காலையில் வீட்டில் மிஞ்சியிருந்தது தீபாவளிக்கு வாங்கிய சாராயத்தின் வெறும் போத்தல். கழுவினேன். லேபிளைச் சுரண்டினேன், பாதிதான் வந்தது.

"இதையா மலைக்குக் கொண்டுபோகச் சொல்றீங்க?"

"கண்ணாடி, புள்ள. ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாது."

"மானத்துக்கு?"

வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டு போனாள். நடந்ததை அந்தியில் வந்து சொன்னாள். பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்க அவள் போத்தலைத் தூக்கி அண்ணாந்த நேரம் பார்த்துக் கங்காணி வந்திருக்கிறார்.

"என்னாக்கா, காலையிலயே ஆரம்பிச்சிட்டீங்களா? நமக்கும் கொஞ்சம் ஊத்துறது."

எல்லாப் பெண்களும் சிரிக்க, இவளும் சிரிக்க, போத்தல் கைநழுவிக் கல்லில் விழுந்து உடைந்தது.

"அப்புறம் குடிக்கலியா?" என்று கேட்டேன்.

"ஏன் குடிக்காம? ஆளுக்கு ரெண்டு மொடக்குன்னு எல்லாரும் குடுத்தாங்க."

"எதுல?"

"அவங்கவங்க சோடாப் போத்தல்லதான்!"

ஒரு போத்தலிலிருந்து காப்பாற்றப் போய் மலையிலிருந்த அத்தனை போத்தல்களையும் அவள் வாயில் வைத்திருக்கிறேன். எனக்குச் சண்டைபோடவும் தெம்பில்லை. பயப்படுவதற்கும் ஒரு வயசு வேண்டும்.

மறுநாள் விடியும்போது பக்கத்துக் காம்பரா வீட்டில் வாங்கிய சோடாப் போத்தலொன்று அடுப்படியில் இருந்தது. நான் இரண்டு கோப்பைகளை வைத்துத் தேத்தண்ணியை ஆற்றத் தொடங்கினேன்.

"வேலைக்குப் பெரட்டுல பேரு குடுக்க நேரமாச்சு. ஆறிப்போனத இந்தக் குளிர்ல எவ குடிப்பா? சுடச்சுட ஊத்துங்க."

ஊற்றினேன். என் விரல்களுக்குள் போத்தலின் கழுத்து சூட்டில் மெல்லச் சுருங்கியது. அவள் மூடியை இறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு மலையேறினாள்.