நீல நூல் தைத்த ஆட்டோ

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இருளப்பனையும் கூட்டிக்கொண்டு போவார்கள். வத்தேகமயிலிருந்து மடுல்கெல்ல வரை அவர் பார்த்துச் சொல்லி வாங்கிய ஆட்டோக்கள் இருபதுக்கு மேல் ஓடுகின்றன. முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், "நாங்க வர்றதுக்கு முந்தியே எதுக்கு ஸ்டார்ட் பண்ணி வச்சீங்க?" என்று கேட்பார். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த செசி நம்பரை விரலால் துடைத்துப் பதிவுப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். போனில் விளம்பரத்தைக் காட்டி, முற்பணம் போடட்டுமா என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"போட்டோ பெட்ரோல்ல ஓடாது. வண்டியத் தொட்டுட்டுக் காசக் குடு."

இப்போது அவரிடம் வண்டி இல்லை. கண்டியில் ஒரு துணிக்கடை வாசலில் காவல் வேலை. வத்தேகம டவுனுக்குப் பின்னால் வாடகை வீடு. மனைவி நிஷாந்தினி தையல் ஃபேக்டரிக்குப் போகிறாள். மகள் தர்ஷிகா கொழும்பில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள்.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இருளப்பன் வண்டி விளம்பரங்கள் பார்ப்பார். வாங்குவதற்காக என்று சொல்ல முடியாது. ஓடிய கிலோமீட்டரைப் படிப்பார், விலையைப் படிப்பார், பொய் என்று தோன்றினால் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை மடவளையில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது போன் திரையில் ஒரு சிவப்பு ஆட்டோ வந்தது. நம்பர் தகட்டைக் கட்டை விரலால் மறைத்துப் படம் எடுத்திருந்தார்கள். கடைசி எண் மட்டும் தெரிந்தது. அவர் எண்ணைப் பார்க்கவில்லை. ஹூட்டின் இடது மூலையில் கைநீளத்துக்கு ஒரு கிழிசல். அதன்மேல் நீல நூலில் தையல்.

மடவளையிலிருந்து வத்தேகம வரை அவர் அடுத்த விளம்பரத்துக்குப் போகவில்லை.

அந்த ஆட்டோவை அவர் பதினொரு வருடம் வைத்திருந்தார். பன்வில பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலம். ஒரு மழை நாளில் ஆல்பீசியா மரத்தின் கிளை முறிந்து ஹூட்டைக் கிழித்தது. அடுத்த நாள் காலை ஒரு கல்யாணத்துக்கு ஹயர் ஓட வேண்டும். வீட்டில் கறுப்பு நூல் இல்லை. மகளின் பாவாடைக்கு வாங்கி வைத்திருந்த நீல நூலை நிஷாந்தினி இரட்டையாகக் கோத்து, ஸ்டூல் மேல் ஏறி நின்று தைத்தாள். கறுப்பு நூலில் மாற்றித் தைக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ முறை பேசிக்கொண்டார்கள். மாற்றவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் தர்ஷிகாவோடு இன்னும் ஐந்து பிள்ளைகள் ஏறுவார்கள். இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இருளப்பன் என்ஜினை நிறுத்திவிடுவார். அது பிழை என்று அவருக்குத் தெரியும். வண்டி சத்தமில்லாமல் இறங்கும். காற்றும் பிள்ளைகளின் கூச்சலும் மட்டும் இருக்கும். வளைவுக்கு வளைவு அவர்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து கத்துவார்கள். அடிவாரத்தில் என்ஜின் மறுபடி உயிர் பெற்றதும் எல்லோருக்கும் சப்பென்று போகும். "மாமா, இன்னொருக்கா" என்பார்கள், ஏதோ மலையைத் திருப்பி வைக்க அவரால் முடியும் என்பதுபோல.

2022இல் பெட்ரோல் வரிசையில் நான்கு நாள் அந்த வண்டிக்குள்ளேயே கிடந்தார். அவருக்கு முன்னால் இரண்டு வண்டி இருக்கும்போது பெட்ரோல் முடிந்தது. அந்த நாலு நாளும் பெய்த மழையில் போனும் நனைந்து செத்தது. அதிலிருந்த படங்கள் எல்லாம் அதோடு போயின. அடுத்த வாரம் குருநாகலிலிருந்து ஒருவன் வந்தான். கையில் காசு. லயத்து வாசலில் வைத்துத் தன் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டான். இருளப்பன் ஓபன் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உரிமை மாற்றும் படிவத்தில் விற்பவன் கையெழுத்து மட்டும் இருக்கும். வாங்குகிறவன் பெயர் வெறுமையாக இருக்கும். கூடவே அடையாள அட்டையின் போட்டோ கொப்பி. ஆட்டோ ஸ்டேண்டில் எல்லோரும் அப்படித்தான் விற்றார்கள்.

இப்போது அதே வண்டி. மற்றவை எல்லாம் பத்து லட்சத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்க, இதற்கு ஏழு.

வீட்டுக்குப் போகுமுன்பே பஸ் ஹோல்டில் நின்று வாட்ஸ்அப்பில் எழுதினார். தன் பெயரைச் சொல்லவில்லை. பழைய சொந்தக்காரன் என்று தெரிந்தால் விலையைக் கூட்டுவான் என்று பயம். மோகன் என்று போட்டார். பதில் உடனே வந்தது. வண்டி இப்போது வவுனியாவில் நிற்கிறது. அவசரமாக வெளிநாடு போவதால்தான் இந்த விலை. மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐம்பதாயிரம் போட்டால் விளம்பரத்தை எடுத்துவிட்டு, வண்டியை லொறியில் ஏற்றி அனுப்புவான்.

வேறு யாராவது இதைக் காட்டியிருந்தால் இருளப்பன் போனைப் பிடுங்கியிருப்பார். இது வேறு என்று அவருக்குத் தோன்றியது. பதினொரு வருடம் தொட்ட வண்டியை இன்னொரு தடவை எதற்குத் தொட்டுப் பார்க்க வேண்டும்?

ஞாயிறு காலை நிஷாந்தினியிடம் சொன்னார். சீட்டுக்காசு அவளிடம்தான் இருந்தது.

"நம்ம வண்டி கெடச்சிருச்சு."

"எந்த வண்டி?"

"நம்மளுதுதான். நீல நூலு."

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "நெசமாவா? எங்க நிக்குது?"

"வவுனியாவுல. அட்வான்ஸ் போட்டா அனுப்பிருவான்."

"பாக்காமயா?"

"என் வண்டிய எனக்குத் தெரியாதா?"

அவள் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து காசை எடுத்து வந்தாள். கொடுக்கும்போது, "எங்க, காட்டுங்க பாப்பம்" என்று போனைக் கேட்டாள். அவரைப்போல அவள் ஹூட்டோடு நின்றுவிடவில்லை. படத்தை விரலால் அகட்டி அகட்டிப் பார்த்தாள். வண்டிக்குப் பின்னால் தகரம், கொடியில் ஒரு வெள்ளைச் சீருடை. வண்டியின் மழைத்திரை காற்றில் பறக்காமல் ஓரத்திலிருந்து ஒரு கை பிடித்திருந்தது. ஆள் படத்தில் இல்லை.

"ஏங்க."

"என்னா?"

"இது என் கையி."

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு பச்சை வளையல்.

"நம்ம லயத்து வாசலு இது" என்றாள். "பிள்ளையோட யூனிஃபோம் கொடியில கெடக்கு. அவ வேலைக்குப் போயே ரெண்டு வருசம். இது அன்னைக்கு அந்தாளு எடுத்த படம்ல?"

இருளப்பன் படத்தை இன்னும் அகட்டினார். பிறகு, "பழைய படத்தப் போட்டிருப்பான். சோம்பேறி" என்றார்.

"அப்ப புதுசா ஒண்ணு எடுத்து அனுப்பச் சொல்லுங்க. தையல உள்பக்கமா எடுக்கச் சொல்லுங்க."

கேட்டார். படம் வரவில்லை. கெமரா உடைந்துவிட்டது என்று வந்தது. நம்பிக்கை இல்லாவிட்டால் இதைப் பாருங்கள், என் ஐடி, என்று அதன் பின்னால் ஒன்று வந்தது.

இருளப்பன் அதைத் திறந்தார். அன்று படிவத்தோடு கொடுத்த கொப்பி; மீசை கறுத்த, கன்னம் ஒட்டிய அவர் முகமே அவரைப் பார்த்தது.

காசு மேசைமேல் இருந்தது. நிஷாந்தினி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எடுங்க ஒரு கோலு" என்றாள். அவர் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, காசு போட்டாச்சா?" இளம் குரல். சிரித்துப் பேசியது.

"போடத்தான் கெளம்பினேன். ஐடியப் பாத்தேன். நீங்கதானா அது?"

"நான்தாண்ணே. இருளப்பன். பயப்படாதீங்க, நம்ம ஆளுகதானே."

"படத்துல ரொம்ப மெலிஞ்சு இருக்கீங்க."

"அது பழசுண்ணே. இப்ப ஒடம்பு போட்டிருச்சு."

நிஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊரு?"

"பன்வில. அதுலயே இருக்கே."

"ஹூட்டுல நீல நூலு தையல் ஒண்ணு தெரியுதே. அது யாரு போட்டது?"

"கடையில குடுத்துத் தச்சதுண்ணே. நல்ல கடை."

அவள் கையை வாயிலிருந்து எடுத்தாள். "எந்தக் கடைடா? நான் தச்சேன்டா அத. நாலு எடத்துல ஊசி ஏறிச்சு எனக்கு."

மறுமுனை துண்டித்துக்கொண்டது. மறுபடி எடுத்தபோது மணி போகவில்லை.

அவள் முதலில் சிரித்தாள். சிரித்து முடித்துப் பார்க்கும்போது இருளப்பன் கதிரையில் உட்கார்ந்திருந்தார், வெளியே போகப் போட்ட சட்டையோடு.

"காசு போகல்லியே" என்றாள்.

"ம்."

"அப்புறம் என்னா?"

"வண்டி வரும்னு நெனச்சேன்."

அவள் ஆறிய தேநீரை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள்.

பத்து மணிக்கு டவுனில் ஷாமிலின் கடைக்குப் போனார். போன் திருத்துவதும், போட்டோ கொப்பி எடுப்பதும், அரசாங்கப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுமான சின்னக் கடை. எல்லோரும் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் ஷாமில் கதையை முழுவதும் கேட்டான்.

"ஓபன் பேப்பர்லயா குடுத்தீங்க? நீங்களா? ஊருக்கெல்லாம் புத்தி செல்ற நீங்களா அண்ணே?"

"வாங்குறப்ப எல்லாத்தையும் பாப்பேன் நானா. விக்கிறப்ப காசத்தான் பாத்தேன்."

"இவன் ஒங்கட ஐடியக் காட்டி எத்தினி பேருக்கிட்ட காசெடுத்தானோ. அவங்க பொலிஸுக்குப் போனா ஒங்களத்தான் தேடி வருவாங்க." ஷாமில் மோட்டார் வாகனத் திணைக்களத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தான். "நம்பரச் செல்லுங்க."

இருளப்பன் யோசிக்காமல் சொன்னார். அந்த எண்ணை மகளின் பிறந்த தேதியைவிட வேகமாகச் சொல்ல அவருக்கு வரும். சிறு கட்டணத்தைக் கட்டியபின் திரையில் விவரம் வந்தது.

"பாருங்க. யாரும் பேர் மாத்தல்ல. இன்னும் ஒங்கட பேர்லதான் ஈக்கி."

இருளப்பன் கண்ணாடியை மூக்கில் ஏற்றி இரண்டு தடவை படித்தார். பயப்பட வேண்டிய இடம் அது. ஆனால் முகம் கொஞ்சம் மலர்ந்ததை ஷாமில் கண்டான்.

"சந்தோசப்படாதீங்க அண்ணே. பேர்தான் ஒங்கட. வண்டி எந்த ஊர்லயோ. அது யாரையாச்சும் அடிச்சுப் போட்டா கோட்டுக்கு நீங்கதான் போகோணும். இண்டைக்கே பொலிஸ்ல என்ட்ரி போடுங்க. நாளைக்கு லீவெடுத்து மோட்டர் ஒஃபீஸுக்குப் போங்க."

"எழுதுங்க நானா."

ஷாமில் சிங்களத்தில் முறைப்பாட்டை எழுதினான். வண்டி விற்ற நாள், குருநாகல்காரன், ஓபன் பேப்பர், விளம்பரம், போன் நம்பர். அடையாளம் என்ற இடத்தில் நீல நூல் தையலையும் போடச் சொன்னார் இருளப்பன். வாட்ஸ்அப்பில் வந்தவற்றையெல்லாம் ஷாமில் வரிசையாக அச்சுக்கு அனுப்பினான். கடைசியில் அந்தப் படம் திரையில் நின்றது. சிவப்பு வண்டி, தகரம், கொடி, ஓரத்தில் கை.

"இதுல எத்தின கொப்பி?"

"ரெண்டு."

"பொலிஸுக்கு ஒண்டு போதும் அண்ணே."

"ஒண்ணு பொலிஸுக்கு."

ஷாமில் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மவுஸைப் பிடித்தான். "வண்டிய மட்டும் பெருசாக்கி வெட்டட்டா? தெளிவா ஈக்கும்."

"பொலிஸுக்கு வெட்டுங்க" என்றார் இருளப்பன். "மத்தது வெட்டாதீங்க. கையி வரணும்."